லிஃப்ட் மெக்கானிக்கின் முதல் இடம்

பைத்தியங்களில் பல வகை உண்டு. கணினியை, அதைச் செய்த கம்பெனிக்காரனே போதும் என்று சொன்ன வேகத்துக்கு மேல் விரட்டி ஓட்டுகிற பைத்தியமும் அதில் ஒன்று. ஓவர்கிளாக்கிங் என்று பெயர். விரட்டினால் உள்ளே இருக்கும் சிப் கொதிக்கும். அதை அடக்க, சிப்பின் தலையில் ஒரு செம்புக் குவளையை உட்கார்த்தி, புகை பறக்கிற திரவ நைட்ரஜனை ஊற்றுவார்கள். பிறகு மலை போன்ற ஒரு கணக்கைக் கொடுத்து, எத்தனை நொடியில் போட்டு முடிக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அரை நொடி குறைந்துவிட்டால் பிள்ளை பிறந்த சந்தோஷம். இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் ஒன்றும் கிடையாது. கேட்டவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

யார், எந்தச் சிப்பை, எவ்வளவு வேகமாக ஓட்டினார்கள் என்று குறித்துவைக்க இவர்களுக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. இதுவரை சந்தைக்கு வந்த சிப்புகளுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கும் அதில் தனித்தனிப் பக்கம் உண்டு. அந்தத் தரவுத்தளத்தைக் கட்டிக் காப்பவரைத் தளத்தில் எல்லோரும் பதிவாளரம்மா என்பார்கள். சம்பளம் கிடையாது. பகலில் அவருக்கு ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. காலையில் கிளம்புமுன் கொஞ்சம், மாலையில் காபி குடித்த கையோடு கொஞ்சம் என்று இந்த வேலையைப் பார்ப்பார். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதற்குப் பின்னால் கணவரின் பட்டறை. கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கதவு கழன்ற ஃபிரிட்ஜுகள் எப்போதும் அங்கே வரிசையாக நின்றுகொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் பதிவாளரம்மா ஒரு உதிரிபாகக் கடையில் பாக எண்களைப் பார்த்துச் சாமான் எடுத்துக் கொடுத்தவர். கடைசி எழுத்து ஒன்று மாறினாலும் கம்ப்ரசர் பொருந்தாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. "ஒரு தடவைகூட எனக்குத் தப்பான பார்ட் கொடுத்ததில்லை. அதுலதான் விழுந்தேன்" என்று கணவர் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

இந்தத் தளத்துக்கு அவர் வந்ததும் கணவரால்தான். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வைத்துச் சிப்பைக் குளிர வைக்க வேண்டும் என்று ஒரு ஆள் பட்டறைக்கு வந்தார். தளத்தை நடத்துகிறவரே அவர்தான். காத்திருந்த நேரத்தில் தளத்தைத் திறந்து காட்டினார். பதிவாளரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே சாமானுக்கு நாலு விதப் பேரா? இப்படிக் குப்பை மாதிரியா வச்சிருப்பீங்க?" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அடுத்த வாரமே தளத்தின் சாவி அவர் கைக்கு வந்துவிட்டது.

வந்த பிறகு சும்மா இருந்தாரா? இல்லை. ஆட்கள் மதிப்பெண்ணை, அதாவது தங்கள் நொடிக்கணக்கை, அனுப்புவதற்கென்றே ஒரு சின்ன மென்பொருள் வேண்டும் என்று நச்சரித்து, தளத்தின் நிரலாளரோடு சேர்ந்து அதைச் செய்ய வைத்தார். அந்தக் கருவி சிப்புக்குள்ளேயே போய் அதன் குறியீட்டைப் படிக்கும், திரையைப் படம் பிடிக்கும், எல்லாவற்றையும் மூட்டை கட்டி முத்திரை வைத்து அனுப்பும். இடையில் யாராவது கை வைத்தால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு முன்னால் எல்லோரும் வெறும் படம்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழைய படங்களும் தளத்தில் அப்படியே இருந்தன.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. அவசரக்காரர்கள் ஒரே சிப்புக்கு இரண்டு பக்கம் திறந்துவிடுவது தளத்தில் தினப்படி கூத்து. அவற்றைத் தேடிப் பிடித்து ஒன்றாக்குவது பதிவாளரம்மாவின் வேலை. அன்றைக்கும் இரண்டு பக்கங்கள் கண்ணில் பட்டன. ஒரே பெயர், ஒரே வருடம், ஒரே கம்பெனி. மாடியிலிருந்து நாத்தனார் வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, சாப்பாடு ஆறுது. அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டது போதும், வாங்க."

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இரண்டையும் சேர்த்துவிட்டு எழுந்து போனார்.

அவை ஒன்றல்ல. அந்தச் சிப்பை விற்ற கம்பெனி, சில மாதம் கழித்து உள்ளே சத்தமில்லாமல் மாற்றங்கள் செய்து, அதே பெயரில் புதிதாக ஒன்றை விட்டிருந்தது. பழையதைவிடப் புதியது வேகம். சிப்பின் மூடியில் பொறித்த குறியீட்டின் கடைசி எழுத்துகளைத் தவிர இரண்டுக்கும் வெளியே எந்த வித்தியாசமும் கிடையாது. பதிவாளரம்மா அழுத்திய ஒரே அழுத்தலில் இரண்டின் மதிப்பெண்களும் கலந்தன. பழைய சிப்பில் உயிரைக் கொடுத்துச் சாதித்தவர்கள் எல்லோரும் புதிய சிப்புக்காரர்களுக்குக் கீழே போய் விழுந்தார்கள்.

தெரிய வந்தது வாரங்கள் கழித்து. அதற்குள் தளத்தின் பழைய காப்பு நகல்களின் மேல் புதிய நகல்கள் ஏறி உட்கார்ந்து, திரும்பிப் போக வழியில்லாமல் போயிற்று. யாரோ ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: "பதிவாளரம்மா, இது வேற சிப் இல்லையா?" படித்ததும் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசி எழுத்து. போயும் போயும் கடைசி எழுத்தில் போய் விழுந்தாரே. கணவர் பட்டறையிலிருந்து வந்து பார்த்தபோது மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சாவியைத் திருப்பிக் கொடுத்துடறேங்க. எனக்கு இந்த வேலைக்கு யோக்யதை இல்லை."

"கொடுக்கலாம். முதல்ல கலைச்சதைச் சேர்த்து வச்சுட்டுக் கொடு" என்றார் கணவர். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். ஆனால் அன்றைக்கு அதுதான் சரியான பேச்சாக இருந்தது.

கருவி வழியாக வந்த மதிப்பெண்களில் குறியீடு பத்திரமாக இருந்தது. அவற்றைப் பிரித்து வைப்பதில் சிரமமில்லை. படமாக மட்டும் வந்த பழையவைதான் சிக்கல். திரையில் சிப்பின் பெயர்தான் தெரியும், எந்த வகை என்று தெரியாது. எந்த வகை என்று தெரியாத மதிப்பெண்ணை எந்தப் பக்கத்திலும் வைக்க முடியாது, அது பட்டியலை விட்டே போக வேண்டியதுதான் என்று, மதிப்பெண்களைச் சரிபார்க்கிற தளத்தின் நடுவர்கள் ஒரு கெடு வைத்துச் சொல்லிவிட்டார்கள். பதிவாளரம்மா தளத்தின் முகப்பில் எழுதினார்: தப்பு என்னுடையது. உங்களிடம் அந்தச் சிப் இன்னும் இருந்தால், தயவு செய்து மூடியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வசவு வரும் என்று காத்திருந்தார். சிப்புகள் வந்தன. ஓடிக்கொண்டிருந்த கணினியை நிறுத்தி, விசிறியைக் கழற்றி, சூட்டைக் கடத்த மூடியின் மேல் தடவியிருந்த, காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் தன் சிப்பைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார், அதைப் பிரித்தார். செத்துப்போன சிப்பில் துளை போட்டுச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்வது இவர்களிடம் ஒரு வழக்கம். ஒரு மகானுபாவர் சரியாக அந்தக் கடைசி எழுத்தின் மேலேயே துளை போட்டிருந்தார். மிச்சமிருந்த கால் எழுத்தை வைத்து நடுவர்கள் ஒரு சாயங்காலம் முழுக்க அடித்துக்கொண்டார்கள். ஒருவர்கூட ஒரு கடுஞ்சொல் எழுதவில்லை. பதிவாளரம்மா ஒவ்வொரு படத்துக்கும் கீழே நன்றி என்று எழுதினார், மனசாரத்தான் எழுதினார்.

எல்லாம் தேறி வந்தபோது ஒன்று மட்டும் நின்றது. பழைய சிப்பில் முதல் இடம். அது ஒரு லிஃப்ட் மெக்கானிக்குடையது. அவரிடமிருந்து ஒரே வரி வந்தது: என்னிடம் இல்லை அக்கா, எடுத்துவிடுங்கள், பரவாயில்லை. பரவாயில்லை என்று சொல்கிறவர்களிடம்தான் பதிவாளரம்மாவுக்குப் பயம். அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னப்பா ஆச்சு அந்தச் சிப்?"

"அந்த ஓட்டம் முடிஞ்ச கையோட ஈரம் இறங்கிச் செத்துப்போச்சுக்கா. வீடு மாத்தறப்ப எங்கேயோ போயிடுச்சு. விடுங்க."

"வேற படம் ஏதாவது இருக்கா?"

"அன்னிக்கு மாட்டறதுக்கு முன்னாடி எடுத்தது ஒண்ணு, உங்க தளத்துலயே இருக்கும். அதுல எழுத்து மேலெல்லாம் பேஸ்ட்டை அப்பி வச்சிருக்கேன்." பின்னால் எங்கோ ஒரு லிஃப்டின் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. "பொய் சொல்லக் கூடாதுக்கா. வருத்தமாத்தான் இருக்கு. பள்ளிக்கூடத்துல, வீட்டுல, வேலையில, எங்கேயும் நான் முதல் ஆளா நின்னதில்லை. அந்த ஒரு பக்கத்துலதான் என் பேர் மேல இருந்துச்சு. எப்பவாவது மனசு சரியில்லைன்னா திறந்து பார்த்துப்பேன்."

பதிவாளரம்மா அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். சாம்பல் நிறப் பேஸ்ட் எழுத்துகளை முழுக்க மூடியிருந்தது. மூடியின் ஒரு மூலையில் கோணலாக ஒரு கீறல் மட்டும் தெரிந்தது. கீறலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நடுவர்கள் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் படத்தையும் முகப்பில் போட்டு, இந்தச் சிப்பைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டு வைத்தார்.

இந்த இடத்தில் இரண்டாம் இடத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு மாட்டு டாக்டர். சினை ஊசி வைத்திருக்கும் குடுவைக்குத் திரவ நைட்ரஜன் தேவை என்பதால், மற்றவர்கள் அலைந்து திரிந்து வாங்குகிற சரக்கு அவருக்கு வீட்டு வாசலுக்கே வரும். இருந்தும் லிஃப்ட் மெக்கானிக்கிடம் கால் நொடியில் தோற்றவர். தோற்ற நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. எலியும் பூனையும்தான். மெக்கானிக்கின் மதிப்பெண் போய்விட்டால் டாக்டர் சும்மா உட்கார்ந்தபடியே முதல் இடத்துக்கு வந்துவிடுவார்.

கெடு முடிகிற அன்று காலை, பல் மருத்துவமனையில் கூட்டம். தொலைபேசி அடித்தது.

"பதிவாளரம்மாவா? மாட்டு டாக்டர் பேசறேன். அந்தக் கீறல் நான் போட்டது."

"என்ன சொல்றீங்க டாக்டர்?"

"அந்தச் சிப்பை அவனுக்கு வித்ததே நான்தாம்மா. என்கிட்ட ரெண்டு இருந்துச்சு. நல்லதை நான் வச்சுக்கிட்டு மொக்கையை அவன் தலையில கட்டினேன். பேஸ்ட்டைச் சுரண்டறப்ப குளம்பு சீவற கத்தி வழுக்கிடுச்சு, அதான் கீறல். கடைசியில பார்த்தா மொக்கைன்னு நான் கொடுத்ததுதான் தங்கம். சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன். அந்த எரிச்சல்லதான் இத்தனை நாள் அவன்கூடப் பேசலை. விக்கறப்ப எடுத்த படம் இருக்கு. அதே கீறல், எழுத்தும் பளிச்சுனு தெரியுது. இப்ப அனுப்பிட்டேன், பாருங்க."

"டாக்டர், இதை அனுப்பினா நீங்க ரெண்டாவதாவே இருப்பீங்க. தெரியும்ல?"

"தெரியாமலா அனுப்பறேன்? அவனைத் தோற்கடிச்சு மேல போகணும்மா. அவன் படத்தைக் காணோம்னு மேல போனா, நான் என்னத்தைச் சொல்லிக்கிறது?"

போனை வைத்துவிட்டுப் பதிவாளரம்மா அழுதார். காத்திருந்தவர்களில், கன்னம் வீங்கிய ஒரு அம்மாள் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். "பயப்படாதீங்கம்மா, ஊசி போட்டுட்டா ஒண்ணும் தெரியாதாம்" என்றார். பதிவாளரம்மா தலையை ஆட்டினார். அந்த அம்மாளிடமும் அவருக்கு நன்றி பொங்கிக்கொண்டு வந்தது.

நடுவர்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கீறலோடு கீறல் பொருந்தியது. கடைசி எழுத்துகள் பழைய வகையைச் சொல்லின. மாலையில் பதிவாளரம்மா வீட்டுக்கு வந்து, காபியைக்கூடத் தொடாமல், லிஃப்ட் மெக்கானிக்கின் பெயரைப் பழைய சிப்பின் பக்கத்தில் மேலே வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். யார் அனுப்பினது என்பதையும் சொன்னார். மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அக்கா, என் பேருக்குக் கீழ, சிப் யார் கொடுத்ததுன்னு போட இடம் இருக்கா?"

இல்லை. சிப்பின் வேகம், வெப்பம், மின்சாரம், மதர்போர்டு எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. யார் கைவழியாக வந்தது என்பதற்கு ஒன்று வேண்டும் என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அந்த வாரமே நிரலாளரிடம் சொல்லி, தரவுத்தளத்திலும் கருவியிலும் அந்தக் கட்டத்தைச் சேர்த்தார். நிரப்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் ஆட்கள் பழைய மதிப்பெண்களைத் தேடிப்போய் நிரப்பினார்கள். மச்சான் வாங்கிக் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிப் போட இருந்தது. என் மனைவி, தன் கணினியிலிருந்து, திட்டிக்கொண்டே. சாவியைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சை வீட்டில் அவரும் எடுக்கவில்லை, கணவரும் நினைவுபடுத்தவில்லை.

மாட்டு டாக்டர் மறுபடியும் கூப்பிட்டார்.

"பதிவாளரம்மா, அந்தப் பய எல்லாருக்கும் முன்னால, முதல் இடத்துக்குக் கீழ என் பேரைப் போட்டு வச்சிருக்கான். 'என் அண்ணன் கொடுத்தது'ன்னு. நான் எப்பம்மா அவனுக்கு அண்ணன் ஆனேன்? ஊரே கேக்குது. அதை அழிச்சுடுங்க."

"முடியாது டாக்டர்" என்றார் பதிவாளரம்மா. "இனிமே அந்தப் பக்கத்துல நான் எதையும் அழிக்கறதா இல்லை."

டாக்டர் போனை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, அவன் நம்பர் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார்.