ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்து

மூன்று வாரத்துக்கு முன்னால் ஜெராக்ஸ் கடையில் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால், இந்த வாரம் உங்களுக்கு எழுத விஷயமே இருந்திருக்காது.

பேசவில்லை. என் சுபாவம் அப்படி. பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிவிட்டால்கூட, கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான். 'வாராவாரம் பத்திரிகையில் இவ்வளவு பேரிடம் பேசுகிறாயே, அது மட்டும் எப்படி?' என்று கேட்பீர்கள். நீங்கள் எதிரே இல்லையே!

எங்கள் வீட்டு மாடியில் சங்கீதா குடியிருக்கிறாள். லால்குடிப் பக்கத்துப் பெண். எம்.எஸ்சி. கணக்குப் பாடம், கடைசி செமஸ்டர். அவளுடைய சினேகிதி ரஹிமா, தென்னூர்க்காரி. இரண்டு பேரும் பி.எஸ்சி. முதல் ஐந்து வருடமாக ஒரே பெஞ்ச்.

ஆனால் நோட்ஸ் எடுப்பதில் மட்டும் ஆளுக்கொரு கட்சி. ரஹிமா எல்லாவற்றையும் டேப்பில் – அதுதான், டேப்லெட்டில் – டைப் அடிப்பாள். சங்கீதா நோட்டில் கையால் எழுதுவாள். மாடிப்படியில் இவர்கள் சண்டை எனக்குப் பழக்கம்.

"இன்னும் கல்வெட்டு வெட்டிக்கிட்டே இருக்கியாடீ?"

"நீ சார்ஜர் தேடிக்கிட்டே இரு. அதுக்குள்ள ரெண்டு பக்கம் முடிச்சிருப்பேன்."

போன மாதம் மழையில் ஸ்கூட்டி சறுக்கி, ரஹிமாவுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கை. மூன்று வாரம் க்ளாஸ் போயிற்று. கேம்பஸ் இன்டர்வியூவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. எல்லா பேப்பரும் பாஸ் செய்தால்தான் ஆர்டர். வீல்சேரில் வந்து பரீட்சை எழுதலாம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். எழுதலாம்... எதை வைத்துப் படிப்பது?

க்ளாஸ் குரூப்பில் போர்டு போட்டோக்கள் குவிந்து கிடந்தன. யாரும் ஒரு வரி எழுதுவதில்லையாம். சார் போர்டை நிரப்பியதும் எழுந்து நின்று க்ளிக். கணக்கு முழுக்க போட்டோவில் இருக்கும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு ஏன் போனோம் என்பது மட்டும் இருக்காது. அது சார் வாயில் அல்லவா இருந்தது?

சங்கீதா நோட்டில் அதுவும் உண்டு. போர்டில் இருப்பதை நீல மையில் எழுதுவாள். சார் வாயால் சொல்வதை ஓரத்தில் பென்சிலில், அவர் சொன்ன தமிழிலேயே எழுதுவாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் நோட்டோடு இறங்கி வந்தாள்.

"அம்மா, கண்ணு காட்ட புத்தூர் போறேன்னீங்கள்ல? போற வழியில இதை ஒரு செட் ஜெராக்ஸ் போட்டு ரஹிமாகிட்ட குடுத்துடறீங்களா? எனக்கு நாள் பூரா க்ளாஸ் இருக்கு."

"ஏம்மா, உன் ஃபோன்லயே எடுத்து அனுப்பிடலாமே?"

"போட்டோ மட்டும் வேணாம்மா!"

காரணம் இருந்தது. போன வருடம் ஒருத்தி 'ஒரே ஒரு பக்கம்டீ' என்று போட்டோ எடுத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் மொத்த நோட்டும் குரூப்பில் சுற்றியிருக்கிறது. சங்கீதாதான் எழுதுகிறாளே என்று அடுத்த வாரம் பாதி க்ளாஸ் காலி. சார் இவளைப் பார்த்து, "நீ எழுதறதாலதான் அவங்க வர்றதில்லை" என்றாராம். ஒழுங்காக எழுதியதற்குக் கிடைத்த பரிசு!

எங்கள் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய கூட்டம். கடைக்காரர் நோட்டை வாங்கி மளமளவென்று புரட்டிப் போட்டார். முதல் தாள் சூடாக வெளியே வந்தது. எட்டிப் பார்த்தேன்.

எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. அந்த நோட்டில் நான் படிக்கக்கூடியது ஓரத்துப் பென்சில் தமிழ் மட்டும்தான். ஜெராக்ஸில் அது இல்லை. மையெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, ஓரம் மட்டும் வெள்ளை வெளேரென்று...

"கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"என்னம்மா?" திரும்பாமலே கேட்டார். எனக்குப் பின்னால் பத்துப் பேர்.

"ஒண்ணுமில்லீங்க."

கூச்சம் மட்டும் காரணமில்லை. உள்ளுக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது படித்தவளுக்கே புரிகிற எழுத்து எம்.எஸ்சி. பாடமாக இருக்குமா என்ன? ஏதோ பெண்பிள்ளைக் கிறுக்கல் என்று நினைத்துவிட்டேன். தாள்களைக் கொண்டுபோய் ரஹிமாவிடம் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். நானும் கண்ணைக் காட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை சங்கீதா தடதடவென்று படியிறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஃபோனை என் முன்னால் நீட்டினாள். ரஹிமாவின் குரல்:

"போர்டுல இருக்கறதுதான் குரூப்லயே கிடக்கே சங்கீதா. அதையேதான் ஜெராக்ஸ் போட்டு அனுப்பியிருக்கே. சார் சொன்னதை மட்டும் உனக்குன்னு மறைச்சு வச்சிக்கிட்டல்ல? பரவாயில்ல. நீயாவது நல்லா எழுது."

'டீ' இல்லை, கவனித்தீர்களா? ஐந்து வருடப் பழக்கத்தில் முதல்முறையாக அவள் பெயரைச் சொல்லிப் பேசுகிறாள்.

"ஓரத்துல அவ்வளவு எழுதியிருக்கேன், அவளுக்குக் கண்ணு தெரியலையாம்மா? நான் போய் மறைப்பேனா? இனிமே அவகூட பேச்சே கிடையாது!"

விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஒரு சினேகம் போகும், ஒரு பெண்ணுக்கு வேலை போகும். அவ்வளவுதான்.

"ஏம்மா... அவ மேல தப்பில்லை. பென்சில் எழுத்து ஜெராக்ஸ்ல விழலை. நான் அங்கயே பாத்தேன். கடைக்காரர்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துது. விட்டுட்டேன்."

சங்கீதா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, 'இது விழலை, டார்க்கா போடுங்க'... இதானே சொல்லணும்? நாலு வார்த்தைம்மா!"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அவள் கோபம் பாதிதான் தணிந்தது. ஃபோனில் கூப்பிட்டுச் சொல்லேன் என்றால், "நான் கூப்பிட மாட்டேன். அவளால எப்படி அப்படி நினைக்க முடிஞ்சுது?" என்றாள். திங்கட்கிழமை காலையில் நோட்டை மட்டும் என் கையில் கொடுத்தாள். "இன்னிக்கு ஒரு நாள் அவ பாத்துக்கட்டும். நீங்க பக்கத்துலயே உக்காந்திருங்க. போட்டோ கூடாது."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி புத்தூர் பஸ் ஏறினேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். வார்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. நோட்டைப் பிரித்து ஓரத்தைக் காட்டினேன். "கடையில நான் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னுது. அவளுது இல்லை."

ரஹிமா பக்கங்களைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே இருந்தாள். "லூசு மாதிரி பேசிட்டேனேம்மா..." என்றாள். கை தானாக ஃபோனை எடுத்துப் பக்கத்துக்கு நேரே பிடித்தது.

நான் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணே ஒண்ணும்மா!"

முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"செக்யூரிட்டி போட்டுத்தான் அனுப்பியிருக்கா அவ!" சிரித்துவிட்டாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து என் ஜெராக்ஸ் தாள்களை எடுத்தாள். "ஓரமெல்லாம் காலியாத்தானே இருக்கு? நீங்க படிங்க, நான் இதுலயே எழுதிக்கறேன்" என்று நர்சிடம் ஒரு பேனா கடன் கேட்டாள். டேப்காரி பேனாவுக்கு எங்கே போவாள்!

படிக்க வேண்டும், அதுவும் நாலு பேர் கேட்க! முதல் பக்கம் எனக்குக் குரலே எழும்பவில்லை. "சத்தமாம்மா" என்றாள். "இந்த வரியில எல்லாரும் சறுக்குவீங்க. வெளியில ஒரு மைனஸ் நிக்குது, மறந்துடாதீங்க" என்று படித்தேன். என்ன கணக்கோ, எந்த மைனஸோ, எனக்கென்ன தெரியும்? அவள் மட்டும், "ஓ... அதான் வரலையா!" என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எதிர்க் கட்டில் அம்மாள் கேட்டார், "என்னங்க, ஏதாவது பாராயணமா?"

"ஆமாங்க, பாஸ் பண்ற மந்திரம்" என்றாள் ரஹிமா.

மதியச் சாப்பாடு போக, நாலு மணி வரை படித்தேன். என் ஆயுசில் ஒரே நாளில் அவ்வளவு பேசியதில்லை.

சரி, கையா, டேப்பா, எது உசத்தி? காலேஜ் வாசலை மிதிக்காதவள் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் – போட்டோ போர்டைப் பார்க்கிறது. ஜெராக்ஸ் மையைப் பார்க்கிறது. சார் சொன்னதைக் கேட்க அங்கே ஒரு காது இருந்திருக்கிறது. அந்தக் காது நோட்டில் எழுதினால் என்ன, டேப்பில் தட்டினால் என்ன? டேப்பும் ஒன்றும் சும்மா இல்லை. ஓரம் நிரம்பிய தாள்களையெல்லாம் ரஹிமா அன்றைக்கே அதில் ஏற்றிவிட்டாள். கனத்த நோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தபடி படிக்க முடியாதாம்.

போன செவ்வாய்க்கிழமை பரீட்சை. கீழ்த்தளத்தில் தனி மேஜை போட்டிருக்கிறார்கள். வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனது யார் என்கிறீர்கள்? சங்கீதாதான். முடிந்ததும் இரண்டு பேருமாக எனக்கு ஃபோன் போட்டார்கள்.

"அம்மா, அந்தக் கணக்கு வந்துடுச்சு!" என்று ரஹிமா கத்தினாள். "மைனஸ் போட்டுட்டேன்! இவதான் மறந்துட்டா!"

"எழுதினவ நான், மார்க்கு அவளுக்கு" என்று பின்னாலிருந்து சங்கீதா. "வாயை மூடுடீ" என்று ரஹிமா. 'டீ' திரும்பி வந்துவிட்டது.

இந்தக் கட்டுரையையும் வழக்கம்போல ஒரு பக்கம் காலியாக இருக்கும் பழைய தாள்களில் எழுதியிருக்கிறேன். சங்கீதா போட்டோ எடுத்துப் பத்திரிகை ஆபீசுக்கு அனுப்புவாள். என் எழுத்தென்றால் போட்டோவுக்குத் தடையில்லை! ஜெராக்ஸ் கடைக்காரரிடம் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை, இன்னும் நாலு வார்த்தை காரமாகவே சேர்த்து ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன் – ஆபீஸில் இருப்பவர்களே, தயவுசெய்து அதை மட்டும் அச்சில் போட்டுவிடாதீர்கள்.