சுபாவைப் பார்க்கப் போன நாள்

காப்பாற்றியவள் மீதே பொறாமை வருமா? எனக்கு இன்னமும் விடை தெரியவில்லை.

கிராமப் பள்ளிகளுக்கு இன்டர்நெட் வசதி செய்துகொடுக்கும் தொண்டு நிறுவனமொன்றின் கொழும்பு கொட்டாஞ்சேனை அலுவலகத்தில், என் கணவர் சனிக்கிழமைகளில் சம்பளமின்றி வேலை செய்கிறார். வீட்டுக்கு வந்தால், அங்கே தன்னோடு வேலை செய்யும் சுபாவின் புராணம்தான்.

அவளைப் பார்த்துவிடுவதென்று, வெள்ளவத்தையிலிருந்து குழந்தையோடு புதுக் கைப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். யுத்த காலம்; சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். அடையாள அட்டையும், கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டும் பழைய பையில்! சிங்களமும் எனக்கு வராது. கணவருக்கு ஃபோன் செய்தேன். அவரோடு சுபாவும் ஓடிவந்து, சிங்களத்தில் மன்றாடி என்னை மீட்டாள்.

"பயந்திட்டீங்களா அக்கா? அண்ணை எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைப்பார்."

என்னைப் பற்றி இவளிடம் கதைப்பதா? அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இப்போது பத்திரங்களைப் பார்க்காமல் வாசல் தாண்டுவதில்லை. கணவரோ, "அவவை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுவமே?" என்கிறார். மனம் ஒப்பவில்லை. வாசகிகளே, நீங்களென்றால் கூப்பிடுவீர்களா?