மூன்று சொல்ல மறந்த அன்று

போன வாரம் மகள் மலருக்கு ஆதார் புதுப்பிக்கப் போயிருந்தோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண், பைனாகுலர் மாதிரி ஒன்றை மலர் முகத்தருகே நீட்டி, "கண்ண நல்லா தொறந்து நேரா பாரும்மா" என்றாள். மலர் இமைக்காமல் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண் தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து முறைத்தாள். மலரை நேராகப் பார்க்க வைக்க நாங்கள் பட்ட பாடு அவளுக்கு எப்படித் தெரியும்?

பல வருடத்துக்கு முந்தி எனக்கு மரக்காணம் உப்பளத்தில் லாரி லோடு பார்க்கிற வேலை. மலருக்கு மூன்று வயது. பேச்சு வரவில்லை. அதைவிட, எங்கள் முகத்தையே பார்க்க மாட்டாள். கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பாள், மின்விசிறியைப் பார்ப்பாள். "திமிரு புடிச்ச பொண்ணு" என்றார்கள் சொந்தக்காரர்கள். பாண்டிச்சேரியில் காட்டிய டாக்டரம்மா, "மூஞ்சியப் புடிச்சுத் திருப்பாதீங்க. அவளுக்கே பாக்கணும்னு தோணணும். வெளையாடுங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது என் மனைவி கலா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவ என்னப் பாக்குற வரைக்கும் நான் விடப்போறதில்லைங்க."

அன்றிலிருந்து வீடு கோமாளிக் கூடாரம் ஆனது. கலா மூக்கு நுனியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு மலர் எதிரே உட்காருவாள். மறந்துபோய் அப்படியே வாசலுக்குப் போய்ப் பால் வாங்குவாள். முந்தானையில் முகத்தை மூடி, "அம்மா எங்க? காணோமே!" என்று கேட்டு, விலக்கி, "இதோ!" என்பாள். மலர் முந்தானைக் கரையைத்தான் பார்ப்பாள். கலா மறுபடி மூடிக்கொள்வாள்.

சாயங்காலம் மலரை நான் உப்பளத்துக்குக் கூட்டிப்போவேன். அவளுக்கு உப்புக்கல்லை வெயிலில் பிடித்துப் பார்க்கப் பிடிக்கும். உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும் என்று நான் கூலிங் கிளாஸ் போட்டிருப்பேன். அவள் உயரத்துக்கு வரப்பில் குப்புறப் படுத்து, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி, "பே!" என்பேன். "ஏம்பா, உப்புத்தண்ணியில நீச்சலா?" என்று லோடு ஏற்றுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சட்டையெல்லாம் உப்புப் பூத்துப்போகும், மலரோ உப்புக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள்.

மழைக்காலம் வந்தது, உப்பளத்தில் வேலை நின்றது. வீட்டிலேயே கிடந்தேன். மலரை முழங்காலில் உட்காரவைத்து, "ஒண்ணு... ரெண்டு... மூணு!" என்று தூக்கிப்போடுவேன். அது மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருநாள், "ரெண்டு" சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். மலர் காத்திருந்தாள். நான் பேசவில்லை. காலை உதைத்தாள். அப்போதும் பேசவில்லை. மெல்ல முகத்தை நிமிர்த்தினாள். என் கண்ணை, என் கண்ணையே பார்த்தாள்.

நான் மூன்று சொல்ல மறந்துவிட்டேன். பளாரென்று என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"கலா! பாத்துட்டா!"

"எதப் பாத்தா?"

"என்னையத்தான்."

இட்லி மாவுக் கையோடு ஓடி வந்தாள் கலா. "அப்ப நானுடி? எங்க, அம்மாவப் பாரு." மலர் மாவைப் பார்த்தாள். கலா கண்ணைத் துடைத்தாள், கன்னமெல்லாம் மாவு. "சரி. நாளைக்கு" என்றாள்.

அந்த 'நாளைக்கு' வர இன்னும் பல வாரம் ஆனது. கலா ஒருநாளும் விடவில்லை. கடைசியில், தலை வாரும்போது, எந்த விளையாட்டும் இல்லாமல், மலர் தானாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சீப்பு கீழே விழுந்ததைக் கலா எடுக்கவே இல்லை.

பேச்சு தாமதமாக வந்தது. இன்றைக்கும் புது ஆட்களை மலர் பார்க்க மாட்டாள், நாங்களும் வற்புறுத்துவதில்லை. நான் படுத்துக் கிடந்த வரப்பு ஓர் இறால் பண்ணை வேலிக்குள் போய்விட்டது. என் முழங்காலும் இப்போது யாரையும் தாங்காது.

நேற்று சாப்பிடும்போது மலர் கேட்டாள். "அப்பா, அம்மாவோட எடது கண்ணுல சின்னதா ஒரு புள்ளி இருக்குதே, நீ பாத்திருக்கியா?"

இல்லை. குனிந்து பார்த்தேன். இருந்தது. "அய்ய, சாப்புடுங்க" என்று கலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலர் பார்க்கமாட்டாளா என்று அவள் முகத்தெதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த அந்தக் காலம் எங்கள் வீட்டைவிட்டு எப்போது போனது என்றுதான் தெரியவில்லை.