மிதித்த களம்

நார்வேயில் வேலை பார்க்கும் என் மகள் அந்த ஊர் பாஷை படிக்கிறாள். பாஸ்போர்ட்கூட இல்லாத எனக்கும் அவ்வப்போது ஒரு சொல் போனில் வந்துவிடும். நேற்று வந்தது 'த்ரெஸ்கெ'. கதிரடிப்பது என்று பொருள். "ஆனா ஆதியில காலால மிதிக்கிறதுதானாம்ப்பா. இன்னும் பின்னாடி போனா, தேய்க்கிறது, அரைக்கிறதுன்னு ஒரு வேர். வாசப்படிக்கு இவங்க சொல்ற பேரும் இதுக்கு உறவா இருக்கலாமாம்" என்றாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். அப்புறம்தான் புழுங்கின வைக்கோல் வாசனை வந்தது. சென்னை அடுக்குமாடியில் வைக்கோல் ஏது என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

எங்கள் பக்கம் கதிரை ஒரு தரம் கையால் அடித்ததோடு விடமாட்டோம். ஒட்டியிருக்கும் நெல்லுக்காக வைக்கோலைப் போராகக் குவித்து, சில நாள் புழுங்க வைத்து, மாடு விட்டு மிதிப்போம்.

அந்த வருஷம் மாடு இல்லை. பட்டணத்தில் ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்காரனை நிலத்தைவிட்டு இறக்கக் கூடாது என்று சட்டம் பேசினார்கள். அப்பா குத்தகைக்கு உழுத நிலத்தின் மிராசுதார் அதற்கும் வழி வைத்திருந்தார். "அவன் குத்தகைக்காரன் இல்ல, என் பண்ணையாளு. என் களத்துல வந்து மிதிக்கச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். அங்கே மிதித்தால் அப்பா கூலி. எங்கள் வாசலில் மிதித்தால் குத்தகைக்காரர். ஊர் சாட்சி சொல்ல அது போதும். தன் மாடுகளை மிராசுதார் ஓட்டிக்கொண்டு போய்விட, வாசலைச் சாணி மெழுகி, அப்பா, அம்மா, நான் மூவருமே மிதித்தோம். சுணை காலெல்லாம் அரித்தது. நான் மிதித்ததைவிட வழுக்கி விழுந்ததுதான் அதிகம். அப்பா சிரித்தார்.

மிராசுதார் புகார் கொடுத்துப் போலீஸ் வந்தது. "நீங்க காலை நிறுத்தாதீங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு அப்பா அவர்களோடு போனார்.

மறுநாள் மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார். "மிச்சத்த ஐயா களத்துக்குத் தூக்கிட்டு வா. பொழுது சாயறதுக்குள்ள ஒம் புருஷன் வந்துடுவான்."

அம்மா போரைப் பிரித்துக் கட்டினாள். பிறகு தூக்கினாள். நானும் ஒரு கட்டு தூக்கினேன்.

அப்பா சாயங்காலம் வந்துவிட்டார். "எங்க மிதிச்சீங்க?"

"அவங்க களத்துல."

அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நிலம் போயிற்று. எனக்குக் கோபமோ அழுகையோ வந்ததாக ஞாபகமில்லை. மரத்துப்போனதுதான்.

இப்போது மிஷின் வயலிலேயே அறுத்து அடித்துவிடுகிறது. மிராசுதார் களத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

இன்று காலை மகள் மறுபடி பேசினாள். "நீங்கல்லாம் அப்படி மிதிச்சிருக்கீங்களாப்பா?"

"மிதிச்சிருக்கோம்மா" என்றேன்.

எங்கே என்று அவள் கேட்கவில்லை.