மடுல்சீமை ரோட்டில் ஆலங்கட்டி

மடுல்சீமைக்குப் போகும் பஸ் பாதி வழியில் நிற்கிறது. ஆலங்கட்டி மழையில் மரம் முறிந்து ரோட்டை மறித்துக் கிடக்கிறது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் ஒதுங்குகிறோம். வாசலெல்லாம் வெள்ளையாகக் கட்டிகள். ஒருவர் அவற்றை அள்ளித் துண்டில் முடிகிறார். உள்ளே அவருடைய மனைவி காய்ச்சலில் முனகிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லீங்க. இதுல சூடு எறங்குதான்னு பாப்போம்," என்கிறார்.

நானும் அள்ளிக் கொடுக்கிறேன். விரல்கள் மரத்துப்போகின்றன. கட்டி கரையக் கரைய அவர் துண்டை மாற்றி அவள் நெற்றியில் ஒற்றுகிறார். இருட்டும் நேரத்தில் அவளுக்கு வியர்க்கிறது. கண் திறக்கிறாள்.

"நாளைக்குக் கொழுந்து எடுக்கப் போகணுமே," என்கிறாள்.

அவர் வெளியே பார்க்கிறார். மலைச்சரிவு முழுக்கத் தேயிலைச் செடிகள் இலை உதிர்ந்து வெறும் குச்சிகளாக நிற்கின்றன.

"அவசரமில்ல. நீ தூங்கு," என்று கம்பளியை இழுத்துப் போர்த்துகிறார்.