வுடு என்று கத்தத் தெரியாத இருவர்

எங்கள் கிளப்பில் எனக்கு ஆல்ரவுண்டர் என்று பெயர். பேட்டிங், பௌலிங், பீல்டிங் மூன்றையும் ஒரே அளவு மோசமாகச் செய்கிறவனை வேறு எப்படிச் சொல்வது? நான் பேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனால், அடுத்து இறங்க வேண்டியவன் காலில் பேடு கட்டியபடி நின்றுகொண்டே இருப்பான். உட்கார்ந்து எழுவது வீண் வேலை என்று அவனுக்குத் தெரியும். நான் பந்து போடும் ஓவரில் வைடு காட்ட விரித்த கைகளை அம்பயர் மடக்குவதே இல்லை. ஹைவேயில் போகும் லாரிக்காரர்கள் அவரைச் சோளக்கொல்லைப் பொம்மை என்று நினைத்திருக்கக் கூடும்.

நாங்கள் எல்லோரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஷிப்டு பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எளாவூர் பக்கம் ஹைவேயை ஒட்டிய பொட்டலில் கூடுவோம். கேப்டன் கிரேன் ஓட்டுகிறவர். எல்லோரும் அவருக்கு நைனாதான். இந்த வருஷம் அவருக்கு டீமைத் தேற்றிவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்தது. ஆட்டத்துக்கு முன்னால் கட்டாயம் பிராக்டிஸ். எனக்குக் கேட்ச் பிடிக்க அவரே சொல்லிக்கொடுத்தார்.

"பந்த புடுங்காதடா. சூடா டீ டம்ளர் குடுத்தா எப்டி வாங்குவ? கைய பின்னால இழுத்துக்கினே வாங்கு."

இது எனக்குப் புரிந்தது. வீட்டில் என் பையனை ரப்பர் பந்து போடச் சொல்லிப் பழகினேன். அவனுக்கு இப்போதுதான் வாய் நிறையப் பேச்சு வந்திருக்கிறது. எங்கே குறி வைத்தாலும் பந்து என் மூக்குக்குத்தான் வரும். மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசரத்திலேயே எனக்குக் கேட்ச் பிடிக்க வந்துவிட்டது. ஆனால் டீமுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. காரணம், என் மச்சான்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. வள்ளூர் பவர் பிளான்டில் கான்ட்ராக்டில் எலக்ட்ரீசியன். எங்கள் டீமின் மிகச் சிறந்த பீல்டர். ஒரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு பிளெக்ஸ் பேனர் அடித்தோம். மேலே நானும் என் மனைவியும், கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள். மச்சான் வலது ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கட்டை விரலைத் தூக்கியபடி நின்றான். பேனரைக் கட்டியது நான். கம்பங்கள் கொஞ்சம் நெருக்கமாக இருந்ததால் வலது ஓரத்தைக் கம்பத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டேன். வந்தவர்கள் எல்லோருக்கும் என் மச்சானின் ஒரு காது மட்டும் தெரிந்தது. பந்தியில் யாரோ அதைச் சொல்லிச் சிரிக்க, அவன் இலையை மடித்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அதற்குப் பிறகு நான் 'மாமா' இல்லை, 'அந்தாளு' ஆகிவிட்டேன். போனைத் தூக்குவதில்லை, வீட்டுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் மட்டும் பார்த்துக்கொள்வோம். கிளப்பை விட இரண்டு பேருக்கும் மனசில்லை.

இதில் மாட்டிக்கொண்டது என் பையனின் காது. குத்த வேண்டிய வயசு தாண்டிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்.

"நாள் பாக்கலாமா?" என்று கேட்டால் என் மனைவி, "என் தம்பி வராம என் புள்ள காதுல ஊசி படாது," என்பாள். சண்டை போடமாட்டாள். சொல்லிவிட்டுப் பையனின் காது மடலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

நான் ஓட்டத்தில் மெதுவென்பதால் கேப்டன் என் பக்கத்தில் மச்சானை நிறுத்தினார். லாங் ஆனில் நான், மிட்விக்கெட்டில் அவன். தூக்கியடித்த பந்தெல்லாம் எங்கள் நடுவில்தான் வந்து விழுந்தது. இருவரும் ஓடுவோம், இருவரும் நிற்போம், பந்து நடுவில் பொத்தென்று விழும். பேசாதவனைப் பார்த்து எப்படிக் கத்துவது?

"வாயில இன்னா வெத்தலயா வச்சிக்கினு ஓடறீங்க?" என்று கேப்டன் கத்துவார். "புடிக்கறவன் 'வுடு'ன்னு கத்தணும். அடுத்தவன் வுட்ரணும். லாரி ஆரனுக்கு மேல கேக்கணும்."

பிராக்டிஸில் நான் கத்திப் பார்த்தேன். மச்சான் வேண்டுமென்றே என் மேல் வந்து மோதினான். பிறகு கேப்டனைப் பார்த்து, "அந்தாளு சொல்லி நான் வுடணுமா நைனா?" என்றான். கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டு கிரவுண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மணவாள நகர் டீமோடு ஆட்டம். கடைசி ஓவர், கடைசி விக்கெட். அவர்களுக்கு ஒரு பவுண்டரி வேண்டும், எங்களுக்கு ஒரு கேட்ச். பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து மேலே போயிற்று. எங்கள் இருவருக்கும் நடுவில், சரியாக அதே இடத்துக்கு.

நான் ஓடினேன். அவனும் ஓடிவந்தான். ஹைவேயில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல்.

"மாமா, வுடு!"

என் கால் நின்றுவிட்டது. நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தேன். 'மாமா' என்று வாயில் வந்துவிட்டது அவனுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் கண் பந்தை விட்டு என் பக்கம் வந்தது. பந்து உள்ளங்கையில் பட்டு எகிறி, கோட்டைத் தாண்டி ஓடியது.

அந்தப் பக்கம் மணவாள நகர்க்காரர்கள் ஆட ஆரம்பித்தார்கள். மச்சான் முட்டி போட்டு உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த சீசனில் அவன் விட்ட முதல் கேட்ச். எங்கள் ஆட்கள் யாரும் கிட்டே வரவில்லை. நான் போனேன். எனக்கு எந்த நேரத்திலும் ஒரு கிண்டல் கைவசம் இருக்கும். அன்றைக்கு எவ்வளவு தேடியும் ஒன்றும் சிக்கவில்லை.

"வுடு மச்சான்," என்றேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "சத்தமா சொல்லணும்னுதான ரூலு," என்றான். "காதுல வுழல."

நான் தொண்டை கிழியக் கத்தினேன். "வுடு மச்சான்!"

"பந்து போனப்புறம் இன்னாத்துக்குடா கத்தறீங்க?" என்று தூரத்திலிருந்து கேப்டன் அழாத குறையாகக் கேட்டார். மச்சானின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

டீக்கடையில் டம்ளரை என் கையில் கொடுத்தான். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே வாங்கினேன்.

"பையனுக்குக் காது எப்ப?"

"உன் மடி என்னிக்குக் காலியோ அன்னிக்கு."

"இந்த வாட்டி பேனர நான் கட்டுறேன். நீ கம்பத்தாண்ட வராத."

அன்று சாயங்காலம் அவன் வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. என் மனைவி உள்ளே போய் இன்னொரு டம்ளர் அரிசியை உலையில் போட்டாள். மாமனைப் பார்த்ததும் பையன் ரப்பர் பந்தை எடுத்து அவன் மூக்குக்குக் குறி வைத்தான்.

தை பிறந்ததும் காது குத்தினோம். மாமன் மடியில் உட்கார்ந்து, மாமன் விரலைக் கடித்து, ஊரே கேட்க அழுதான் பையன். மச்சான் கடிபட்ட விரலை எல்லோரிடமும் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்தான். சந்தடி அடங்கிய பிறகு பேனரைப் பார்க்க வாசலுக்குப் போனேன். அதில் பையன் பெரிதாகச் சிரித்தான். பக்கத்தில் மச்சான், அதே கூலிங் கிளாஸோடு, முழுசாக. இடது ஓரம் கம்பத்தை இறுக்கிச் சுற்றியிருந்தது. அங்கே என் ஒரு காது மட்டும் தெரிந்தது.

பின்னால் மச்சான் வந்து நிற்பது தெரிந்தது. நான் திரும்புவதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"வுடு மாமா."