மேசையிலை வைக்கவேண்டிய புத்தகம்

போட்டி எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்ப ஓங்காளம் வருது. சும்மா பேச்சுக்குச் சொல்லேல்லை. தொண்டைக்குள்ளை உண்மையாவே புளிச்சுக்கொண்டு வரும். மாதா கோயில் வாசலிலை ஆரும் வந்து, "உங்கடை மகள் ஃபெர்ஸ்ற் வந்தவளாமே" எண்டு கையைப் பிடிச்சால் சிரிச்சுப்போட்டுக் காருக்குப் போயிடுவன்.

என்ரை மகள் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை பாட்டுக்குழுவோடை பாடத் தொடங்கினவள். பாட்டுக்குழுவை நடத்தின சிஸ்ரர்தான் இந்தக் குரலைச் சும்மா விடாதைங்கோ எண்டு சொல்லி ஒரு வெள்ளைக்கார ரீச்சரிட்டை அனுப்பினவ. அங்கை படிச்சது எங்கடை சங்கீதமும் இல்லை, ரேடியோவிலை போற பாட்டும் இல்லை. பழைய ஆங்கிலக் கவிதையளுக்கு மெட்டுப் போட்ட பாட்டுகள். மழை, ஆப்பிள் மரம், செத்துப்போன காதலி, ஆட்டுமந்தை, திரும்பவும் மழை. டோர்செட் பார்க்கிலை எங்கடை பதினோராம் மாடி வீட்டிலை, நான் மீன் பொரிக்கிற மணத்துக்குள்ளை நிண்டு அவள் ஆட்டுமந்தையைப் பாடுவாள். எனக்கு அரைவாசி விளங்காது. ஆனால் அடுப்பைக் குறைச்சுப்போட்டு நிண்டு கேட்பன்.

அவளுக்கு யுனிவேர்சிற்றியிலை பாட்டுத்தான் படிக்கவேணும் எண்டு ஆசை. இவர், அதுதான் என்ரை மனிசன், ஒரே பிடியாய் நேர்சிங் எண்டார். நான் நடுவிலை நிண்டு ஒரு வழி பேசினன். ஒஷாவாவிலை நடக்கிற போட்டியிலை முதலாவதாய் வந்து மாகாணப் போட்டிக்குப் போனால் பாட்டு. இல்லையெண்டால் நேர்சிங், பிறகு கதைக்கிறேல்லை. இவர் ஓமெண்டார். அவளும் ஓமெண்டாள். ரெண்டு விண்ணப்பத்தையும் நிரப்பி, அனுப்பாமல் வைச்சுக்கொண்டிருந்தாள் பாவம்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலமை. பத்தொன்பது வயசுக்குக் கீழை. முதல் கவிதையைப் பேச்சாய்ச் சொல்லவேணும், பிறகு அதையே பியானோவோடை, மைக் இல்லாமல் பாடவேணும். இப்பிடி ரெண்டு பாட்டு. எல்லாம் மனப்பாடம்.

அந்த மண்டபத்துக்குள்ளை இருந்த தாய் தேப்பன்மாரைப் பாத்தால் அரியண்டமாய் இருந்தது. ஒருத்தர் மகன்ரை மூக்குக்குக் கீழை ஆவி பிடிக்கிற மெசினைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அந்தப் பெடியன் மூச்சு விடேலாமல் முழிக்குது. ஒரு மனிசி மகளின்ரை நாடியைப் பிடிச்சு ஆட்டி, "வாயைத் திற, வாயைத் திற" எண்டு உறுக்கினா. இன்னொருத்தி என்ரை பிள்ளை ஒருக்காச் செருமினதைக் கேட்டிட்டுத் திரும்பி, "ஐயோ, தடிமன் பிடிச்சிட்டுதோ?" எண்டு கேட்டா. கேட்ட முகத்திலை அப்பிடி ஒரு சந்தோசம். சீ எண்டு போச்சு எனக்கு. நான் இப்பிடிப்பட்ட ஆள் இல்லை எண்டு நினைச்சுக்கொண்டு, நிமிந்து இருந்தன்.

வாசலிலை ஒரு மேசை. அதிலை ஒரு வயசுபோன வெள்ளைக்கார மனிசி, நல்ல மனிசி, பேர் பதிஞ்சுகொண்டிருந்தா. நான் எங்கடை ஃபைலைக் குடுத்தன். ஒவ்வொரு பக்கமும் பொலித்தீன் உறைக்குள்ளை, சுருக்கமில்லாமல். நான் வேலை செய்யிற பல்லு டொக்டரின்ரை ஒபிஸிலை நிண்டு நானே மெசினிலை அடிச்ச போட்டோக் கொப்பி. மனிசி அதைப் பிரட்டிப் பாத்திட்டு, "அச்சடிச்ச புத்தகம் எங்கை?" எண்டு கேட்டா.

புத்தகம் வீட்டிலை இருந்தது. இங்கிலாந்திலை இருந்து எடுப்பிச்ச புத்தகம், அவளின்ரை ரெண்டு பாட்டும் அதுக்குள்ளைதான். வந்த அண்டே பிறவுண் பேப்பரிலை உறை போட்டு அலுமாரிக்குள்ளை வைச்சிட்டன். ரிவி ரிமோட்டுக்கும் பொலித்தீன் சுத்திற ஆக்கள் நாங்கள். நல்ல சாமான் வீட்டிலை இருக்கும், கொப்பி வெளியிலை போகும். எனக்கு அது பிழையெண்டு ஒரு நாளும் தோன்றேல்லை.

பிழைதானாம். பாட்டு எழுதினவைக்குச் செய்யிற துரோகமாம் கொப்பி. அச்சுப் புத்தகம் நடுவரின்ரை மேசையிலை இருக்கவேணும். இல்லாட்டில் பிள்ளை பாடலாம், நடுவர் நல்ல வார்த்தை சொல்லுவார், புள்ளி கிடையாது. விதிக் கடுதாசியிலை எழுதியிருந்தது. நான் அதிலை உடுப்பையும் நேரத்தையும் மட்டும்தான் வாசிச்சனான்.

"அவளின்ரை முறைக்கு முதல் புத்தகம் வந்தால் சரி" எண்டா மனிசி. டோர்செட் பார்க்குக்குப் போய்த் திரும்பி வர எப்பிடியும் ஒண்டரை மணித்தியாலம். அவளின்ரை முறை ஒரு மணித்தியாலத்திலை. இவர் வேலையிலை, போன் எடுக்கேல்லை. மகள், "இட்ஸ் ஓகே அம்மா, லீவ் இற்" எண்டு சொல்லிப்போட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு நல்லாய் இருந்திருக்கும்.

அப்பதான் எங்கடை கோயில் மனிசி ஒருத்தியைக் கண்டன். வெக்ஸ்போர்ட்டிலை இருக்கிறவ. அவவின்ரை மகளும் அதே ரீச்சரிட்டைத்தான் படிக்கிறவள். அதே புத்தகம் அவவின்ரை மடியிலை இருந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தமாதிரி. ஓடிப்போய் விசயத்தைச் சொன்னன். மனிசியின்ரை முகம் அப்பிடியே மாறிப்போச்சு. புத்தகத்தைத் தூக்கி ஹான்ட்பாக்குக்குள்ளை வைச்சிட்டு, "ஐயோ அக்கா, இது ரீச்சரின்ரை. ஆருக்கும் குடுக்கவேண்டாம் எண்டவ" எண்டா. பச்சைப் பொய். ரீச்சரின்ரை புத்தகத்தின்ரை மட்டை வேறை நிறம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. ஒரே கோயிலிலை, ஒரே சாமியாரின்ரை கையாலை நன்மை வாங்கிறம், ஒரே பாட்டுக்குழு, ஒரு புத்தகத்தைப் பத்து நிமிசம் தர மனமில்லை! எங்கடை சனத்தை நினைச்சால் காறித் துப்பலாம் போலை இருந்தது. போய் நடுவரின்ரை மேசைக்குப் பின்வரிசையிலை இருந்தன்.

அந்த மனிசியின்ரை பெட்டை பாட வந்தாள். மேசையிலை ரெண்டு புத்தகம் வைச்சாள். முதலாவது அந்தப் புத்தகம். ரெண்டாவதை நடுவர் திறக்கேக்கை எனக்குத் தெரிஞ்சு போச்சு. பழைய மட்டைக்குள்ளை பாலைப்போலை வெள்ளைத் தாள். உள்ளுக்கு ஒட்டின கொப்பி. கொப்பி அடிக்கிறவளுக்குக் கொப்பி தெரியாதோ? நடுவர் கவனிக்கேல்லை. பெட்டை நல்லாய்ப் பாடினாள், அதையும் சொல்லத்தான் வேணும். கண்ணை மூடாமல், எங்களைப் பாத்து, பக்கத்து வீட்டுச் சாவைச் சொல்லிற மாதிரிப் பாடினாள்.

இடைவேளையிலை நான் எழும்பிப்போய் அந்த வயசுபோன மனிசியிட்டைச் சொன்னன். "இப்ப பாடின பிள்ளையின்ரை ரெண்டாவது பாட்டு கொப்பி. ஒருக்காத் திறந்து பாருங்கோ." மனிசி என்னைப் பாத்தா. அதை அறிய அவவுக்கு விருப்பமில்லை எண்டு முகத்திலையே தெரிஞ்சுது. "நிச்சயமாய்த் தெரியுமோ?" எண்டு மெல்லமாய்க் கேட்டா. ஓம் எண்டன். பெட்டையை விரலாலை காட்டியும் விட்டன். வந்து இருக்கேக்கை எனக்கு வெயிலுக்குள்ளை சர்பத் குடிச்சமாதிரி இருந்தது.

பிறகு என்ரை மகளின்ரை பேர் கூப்பிட்டினம். அவள் மேடைக்கு ஏறமுதல் நடுவரின்ரை மேசைக்குப் போய் ஒரு புத்தகத்தை வைச்சாள். மூலை மடிஞ்சு, மட்டையிலை கோப்பிக் கறை. அதே புத்தகம். அந்தப் பெட்டை பாடி முடிச்ச கையோடை, தாய்க்குத் தெரியாமல் கொரிடோரிலை வைச்சுக் குடுத்திருக்கிறாள். மகள் என்ன பாடினாள் எண்டு இண்டைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை.

கடைசியிலை நடுவர் எழும்பி, இண்டைக்கு ரெண்டு குரலை மறக்கமாட்டன், ஆனால் ஒண்டுக்கு விதிப்படி புள்ளி போடேலாமல் போச்சு எண்டார். என்ரை மகள் முதலாவது. அந்தப் பெட்டை அழுதுகொண்டு வெளியிலை ஓட, தாய் பின்னாலை ஓடினா. புத்தகம் எங்கடை கையிலை தங்கிப்போச்சு.

401 ஹைவேயிலை வரேக்கை மகள் மடியிலை புத்தகத்தை வைச்சிருந்தாள். சேர்ட்டிபிக்கற் பின் சீற்றிலை கிடந்தது. "சம்வன் ரோல்ட் தெம், அம்மா. ஆரோ போய்ச் சொல்லியிருக்கினம்" எண்டாள். நான் றோட்டைப் பாத்தன். அவள் என்ரை பக்கம் திரும்பி, "நீங்களோ?" எண்டு கேட்டாள்.

"விதி விதிதானே" எண்டன்.

அவள் யன்னல் பக்கம் திரும்பி, மட்டையிலை இருந்த கோப்பிக் கறையை விரலாலை தடவத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் புத்தகத்தைத் திருப்பிக் குடுக்க வெக்ஸ்போர்ட்டுக்குப் போனம். "நீங்களே குடுங்கோ, நான் பக்கத்திலை நிக்கிறன்" எண்டு மகள் சொல்லிப்போட்டாள். காட்டிக்குடுத்தது நான்தான் எண்டு சொல்லிப்போடவேணும் எண்டுதான் போனன், சத்தியமாய். கதவைத் திறந்த பெட்டை என்ரை மகளைக் கட்டிப்பிடிச்சாள். "ஐ நியூ யூட் வின், நீதான் வெல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும்" எண்டாள். தாய் எங்களை இருத்தித் தேத்தண்ணியும் றோல்சும் கொண்டுவந்து வைச்சா. வைச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சா.

"அக்கா, அண்டைக்குப் புத்தகம் தரேலாது எண்டது என்ரை பிழை. எங்கடை மற்றப் புத்தகம் கொப்பி. புத்தகக் கதை எழும்பினால் எல்லாத்தையும் திறந்து பாத்திடுவினமோ எண்டு பயந்து போனன். அந்தப் பாவத்துக்குத்தான் ஆண்டவர் காட்டிப்போட்டார். ஆரோ ஒரு வெள்ளைக்காரி எரிச்சலிலை போய்ச் சொல்லியிருக்கிறாள். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

மனிசியின்ரை கண் கலங்கியிருந்தது. மகள் என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தன்.

"பரவாயில்லை. நான் ஒண்டும் மனசிலை வைச்சிருக்கேல்லை" எண்டன்.

மகள் கோப்பையைக் கீழை வைச்சாள். பிறகு தொடேல்லை. பிள்ளை ஏன் குடிக்கேல்லை எண்டு மனிசி கேட்டுப்போடுவாவோ எண்ட பயத்திலை, அவளின்ரை தேத்தண்ணியையும் நானே எடுத்துக் குடிச்சன்.